கிணற்றில் இறங்குமுன் மீட்கும் வழியை அமைத்தல்

வெங்காயம், மிளகாய், புகையிலை முதலிய பயிர்களைக் கிணற்று நீர் கொண்டு வளர்க்கும் கமக்காரர், மாரிக்கு முன் நீர்மட்டம் தாழும் காலத்தில் கிணற்றைச் சேறு வாரி ஆழமாக்குவது வழக்கம். இவ்வேலையில் ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்கச் சென்றவரும் விழுந்து மாள்வதே பெருங்கொடுமையாகும். அமெரிக்காவின் தேசிய தொழிற் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1986 இல் விடுத்த எச்சரிக்கையின்படி, தொட்டி, குழி போன்ற அடைபட்ட இடங்களில் மாண்டோருள் நூற்றுக்கு 60 பேருக்கு மேற்பட்டோர் காப்பாற்ற முனைந்தவர்களே.

காற்று கெடும் விதம்

நீர்மட்டத்துக்கு ஏறக்குறைய 25 அடிக்கு மேல் வைக்கப்பட்ட நீரிறைக்கும் இயந்திரம் நீரை உறிஞ்சமாட்டாது. ஆதலால் சிலர் மண்ணெண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி இயக்குவர். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. ஒட்சிசனிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் குருதியிற் சேர்வது. இயந்திரத்தை நிறுத்திய பின்னரும் அது கிணற்றினுள் தங்கும். இயந்திரம் இறக்காத கிணற்றிலும், அழுகும் சேறும் இலைகுழைகளும் ஒட்சிசனைக் குறைத்துவிடலாம்.

எரியும் விளக்கை இறக்கிப் பார்ப்பது முன்னோர் வழக்கு. விளக்கு அணையுமாயின் இறங்கலாகாது. ஆயினும் அணையாதிருத்தல் நற்காற்றுக்குச் சான்றன்று. காபனோரொட்சைட்டு உயிர்போக்கும் அளவில் இருக்கும்போதும் விளக்கு எரியும். எண்ணெய் ஆவி உள்ள இடத்தில் அவ்விளக்கே ஆபத்தாகும்.

முன்னாயத்தங்கள்

1. எண்ணெயில் இயங்கும் இயந்திரத்தை ஒருபோதும் கிணற்றினுள் இறக்கற்க. நீரில் அமிழும் மின் இயந்திரத்தைப் பயன்படுத்துவோர், ஆள் இறங்குமுன் மின்னிணைப்பைத் துண்டித்தல் வேண்டும்.

2. காற்றூதும் இயந்திரத்தின் குழாயை அடிவரை விட்டு, வேலை முடியும்வரை நற்காற்றைச் செலுத்துக. இவ்வசதி இல்லையேல் இறங்கற்க.

3. இறங்குபவருக்கு மார்பையும் தொடைகளையும் தாங்கும் பட்டியை அணிவித்து, அதிற் கயிற்றைப் பிணைத்திடுக. இடுப்பில் மட்டும் கட்டுதல் போதாது. மயங்கியவரின் பாரத்தை வெறுங்கையால் இழுத்தல் அரிது. ஆதலின் உறுதியான சட்டத்திற் கப்பியைப் பொருத்தி, கயிற்றை அதன் வழியே செலுத்துக.

4. வேலை தொடங்குமுன் ஓராள் நிறையுள்ள மண்மூட்டையை அக்கயிற்றில் ஏற்றிப் பார்க்க. ஏற்ற இயலாதாயின், ஆளையும் ஏற்ற இயலாது.

5. கிணற்றுக்கட்டில் குறைந்தது இருவர் நிற்றல் வேண்டும். உள்ளிருப்பவருடன் இடைவிடாது பேசிக்கொண்டிருக்க. மறுமொழி இல்லையேல், காரணம் ஆராயாது உடனே மேலே இழுத்திடுக.

விபத்து நேரின்

ஒருவர் கயிற்றை இழுக்கத் தொடங்க, மற்றொருவர் 1990 என்னும் எண்ணில் நோயாளர் காவு வண்டியையும், 119 இற் பொலிசாரையும் அழைத்தல் வேண்டும். மேலே எடுக்கப்பட்டவரைத் திறந்த வெளியிற் கிடத்துக. மூச்சின்றேல், பயின்றவர் உடனே உயிர்ப்பு முதலுதவி அளித்தல் வேண்டும். தெளிந்தெழுந்தாரெனினும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் இன்றியமையாதது.

கயிறின்றி இறங்கியவர் மயங்கிக் கிடப்பின், நற்காற்றை உள்ளே செலுத்திக்கொண்டு, சுவாசக் கருவியுடன் பயிற்சி பெற்றோர் வரும்வரை காத்திருத்தலே முறை. முகத்தில் ஈரத்துணி கட்டி இறங்குதல் பயனற்றது. கிடப்பவர் உடன்பிறந்தவரேயாயினும் இறங்கலாகாது. இஃது இரக்கமின்மையன்று, ஒரு சாவீட்டை இரண்டாக்காதிருத்தலாகும்.

ஒட்சிசன் இல்லாது மூளை சில நிமிடங்களே தாங்கும். அந்நேரத்திற் கயிறு தேடி ஓடுதல் வீண். ஆதலின், கமக்காரர்களே, கயிறும் கப்பியும் துணையாளரும் ஆயத்தமான பின்னரே கிணற்றில் முதலடி வைப்பீர்களாக.