கரைந்து காக்கும் தோல்

புண் மூடிவிட்டால் ஆறிவிட்டதென்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஆழமான தீப்புண்ணோ தானே மூடும்பொழுது சுருங்கித் தழும்பாகிறது. முழங்கையில் நேர்ந்தால் கையை நீட்டவும் இயலாது போகலாம்.

இவ்விடருக்கு விடைதேடியோர் பொஸ்ரன் நகரின் அறுவை மருத்துவர் ஜோன் பேர்க்கும் பொறியியலறிஞர் யானாசும் ஆவர். 1981 இல் அவர்கள் அறிவித்த செயற்கைத் தோல் ஈரடுக்குடையது. மேலே, ஈரங்காத்துக் கிருமி தடுக்கும் சிலிக்கோன். கீழே, மாட்டின் கொலாஜன் புரதமும் சுறாவின் குருத்தெலும்பிற் பெற்ற பொருளுஞ் சேர்ந்த நுண்டுளைப் படலம். கொழுகொம்பிற் கொடிபோல உடற்கலங்கள் அதிற் படர்ந்து புதிய அடித்தோலை அமைக்கின்றன. கொழுகொம்போ மெல்லக் கரைந்து மறைகின்றது. பின்னர்ச் சிலிக்கோனை உரித்து, நோயாளியின் சொந்தத் தோலில் மெல்லிய ஏடொன்றெடுத்துப் பதிக்கின்றனர்.

வியர்வைச் சுரப்பியும் மயிர்க்காலும் இதனால் மீள்வதில்லை. ஆயினும் சுருக்கம் குறைகின்றது. நீளும் கையே ஆறிய புண்ணுக்குச் சான்றென இன்று நான் அறிகின்றேன்.