ஏலமலை அடிவாரப் பள்ளியின் தேர்ச்சியை எப்படிப் படிப்பது?

தேனி மாவட்டத்துப் பொட்டிபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நியூட்ரினோதான் நினைவுக்கு வரும். மலையைக் குடைந்து ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்ததும், அதை எதிர்த்துக் கிளம்பிய போராட்டமும் பலருக்குத் தெரியும். அதே அடிவாரத்துத் தொடக்கப் பள்ளிகளைப் பற்றிக் காதில் விழுவது ஒரே ஒரு பேச்சுதான்: "அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியவில்லை."

அந்தப் பேச்சுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. கிராமப்புற வீடுகளுக்கே போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கும் ஏசர் ஆய்வு, தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிப்பவர்கள் 2018இல் நூற்றுக்குப் பத்துப் பேர் என்றது. 2022இல் ஐந்து பேர்கூட இல்லை. தேசிய அளவில் அந்த ஆண்டு நூற்றுக்கு இருபது. ஆனால் 2022இல் மூன்றாம் வகுப்பில் இருந்தது யார்? கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் இங்கே 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்தப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பறையைப் பார்க்கவே இல்லை. இதைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் சொல்வது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

எந்தப் பள்ளியின் தேர்ச்சியைப் பேசுவதானாலும், அங்கே உட்கார்ந்திருப்பது யார் வீட்டுப் பிள்ளைகள் என்று முதலில் பார்க்க வேண்டும். போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். காய் எடுப்பதில் பெண்களே அதிகம். எடுப்பு உச்சத்தில் இருக்கும் மாதங்களும் பள்ளி நடக்கும் மாதங்களும் ஒன்றே. அம்மா ஜீப் ஏறிய பிறகு கண் விழிக்கும் பிள்ளையை அம்மாச்சியோ அக்காவோதான் கிளப்பி அனுப்ப வேண்டும். தோட்டத்திலேயே தங்கி வேலை பார்க்கும் குடும்பம் என்றால், பிள்ளை சில மாதம் மலையில், சில மாதம் ஊரில். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் பல தலைமுறையாக உண்டு. மலைக் குடியிருப்புகளில் பளியர், முதுவர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பலருக்கு எழுத்தறிமுகம் பள்ளியில்தான் தொடங்குகிறது.

இன்னொரு பக்கம், கட்டணம் கட்ட முடிந்தவர்கள் பிள்ளையை வேனில் ஏற்றி டவுன் நர்சரிப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். எஞ்சியவர்களை வைத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் சராசரியைக் கணக்கிட்டு, டவுன் பள்ளியின் சராசரிக்குப் பக்கத்தில் வைத்தால், அதில் பெருமளவு குடும்பங்களின் வசதியைத்தான் ஒப்பிடுகிறோம். அமெரிக்காவில் 1966இல் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் குழு சுமார் ஆறு லட்சம் மாணவர்களை ஆராய்ந்து இதையே சொன்னது: மதிப்பெண் வித்தியாசத்தில் கட்டடத்தையும் உபகரணங்களையும் விடக் குடும்பச் சூழலின் பங்கு பெரிது.

சிறிய பள்ளிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐந்தாம் வகுப்பில் நான்கே பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை மலைக்குப் போய்விட்டால் தேர்ச்சி நூறிலிருந்து எழுபத்தைந்தாக விழும். ஆசிரியர் அதே ஆசிரியர்தான், பாடமும் அதே பாடம்தான். இப்படிப்பட்ட எண்ணை வைத்துப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்துவது தவறு.

கோல்மன் அறிக்கையைப் படித்துவிட்டு, குடும்பம்தான் எல்லாம், பள்ளியால் ஒன்றும் ஆகாது என்று சிலர் முடிவு கட்டினார்கள். அதற்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் நம் மாநிலக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கொரோனாவுக்குப் பின் பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்கு, 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. மாலையில் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் தன்னார்வலர்கள் நடத்திய வகுப்புகள்தாம் அவை! ஏழை வீட்டுப் பிள்ளைகள் அதிகம் இழந்தார்கள்; பள்ளி திறந்த பிறகு வேகமாக மீண்டவர்களும் அவர்களே.

2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் சரியான திசையில்தான் போகிறது. பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் மட்டும் இருக்கும் பள்ளிக்கு இது தேவையான முறை. அதே ஆசிரியர்களிடம் எமிஸ் என்ற கல்வித் தகவல் இணையதளத்தில் பதிவு செய்யும் வேலையையும் குவிப்பது மட்டும் பொருந்தவில்லை. அதைக் குறைத்தே ஆக வேண்டும். 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் இந்த ஊர்களுக்கென்றே வந்தது போல இருக்கிறது. விடியற்காலையில் அம்மா மலையேறிய வீட்டுப் பிள்ளைக்குச் சூடான உப்புமாவோ பொங்கலோ பள்ளியில் கிடைக்கிறது.

ஆகவே பெற்றோர் பள்ளியில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. என் பிள்ளை ஜூனில் எந்த நிலையில் இருந்தது, டிசம்பரில் எங்கே வந்திருக்கிறது? எடுப்புக் காலத்தில் எத்தனை நாள் வரவில்லை? திரும்பி வந்த பிறகு விட்ட பாடத்தை யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். குழுவில் பாதிப் பேர் பெண்கள். ஆனால் பகல் நேரத்தில் கூட்டம் போட்டால், கேள்வி கேட்க வேண்டிய தாய்மார்கள் மலைமேல் தோட்டத்தில் இருப்பார்கள். தலைமை ஆசிரியர்களே, இந்த ஊர்களில் மட்டுமாவது கூட்டத்தை ஜீப் திரும்பிய பிறகு மாலையில் வையுங்கள்.