நிர்வாகிக் கடவுச்சொல்லைச் சர்வர் மறுக்கும்போது

சர்வர் எனப்படும் வழங்கிக் கணினியை நிறுவி முடித்த கையோடு, சற்று முன் கொடுத்த நிர்வாகிக் கடவுச்சொல்லையே அது தவறென்று தள்ளிவிடுவது உண்டு. மறதிதான் காரணம் என்று எண்ணி மறுபடி முதலிலிருந்து நிறுவுவோர் பலர் எனினும், நிறுவலின்போது நேர்ந்த ஏதோவொன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. மதுரையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அருப்புக்கோட்டையிலோ, திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் கிராமப் பள்ளியொன்றிலோ, வெளியூரிலிருந்து ஆள் வரும்வரை காத்திராமல் அங்குள்ளவரே அதைக் கண்டறிவது பெரும் உதவியாகும்.

நடுவண் அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கியதும், தமிழக அரசு 2011இல் தொடங்கிய திட்டத்தின் விலையில்லா மடிக்கணினிகளில் இடம்பெற்றதுமான போஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளம், டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடித்தளமாகக் கொண்டது. டெபியனை நிறுவும்போது, முழு அதிகாரமுள்ள ரூட் கணக்கின் கடவுச்சொல்லுக்கான இடத்தை வெறுமையாக விட்டால், அக்கணக்கு முடக்கப்பட்டு, அடுத்து உருவாக்கப்படும் பயனருக்கு 'சூடோ' என்னும் கட்டளை வழியாக நிர்வாக உரிமை சென்றுவிடுகிறது. அதன்பின் ரூட் பெயரில் எத்தனை முறை முயன்றாலும் பயனில்லை. அப்பயனரின் பெயரில் நுழைந்து, சூடோவுக்கு அவருடைய கடவுச்சொல்லையே தர வேண்டும்.

விசைப்பலகை அமைப்பு மாறியிருப்பது இன்னும் நுட்பமான சிக்கல். இந்தியக் கடைகளில் பரவலாகக் கிடைப்பது அமெரிக்க அமைப்பு விசைப்பலகை. நிறுவும்போது பிரிட்டன் அமைப்பைத் தேர்ந்துவிட்டால், ஷிஃப்டுடன் 2ஐ அழுத்தும்போது '@' குறிக்குப் பதில் இரட்டை மேற்கோள் பதிவாகி, அமெரிக்க அமைப்புள்ள வேறு கணினியிலிருந்து நுழையும்போது கடவுச்சொல் பொருந்தாது. கடவுச்சொல் திரையில் தெரியாததால் பிழை கண்ணில் படாது. சர்வரின் முன் அமர்ந்து, எழுத்து தெரியும் பயனர்பெயர்க் கட்டத்தில் அதே விசைகளைத் தட்டிப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். கேப்ஸ் லாக், நம் லாக் விசைகளையும் அப்போதே சரிபார்ப்பது நல்லது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் கதவு திறக்கவில்லையெனில், பழைய கடவுச்சொல்லைத் தேடுவது வீண். கணினி அதை அப்படியே சேமிக்காமல், திரும்பப் பெற இயலாத கணக்கீட்டின் விளைவாகிய 'ஹாஷ்' வடிவில் மட்டுமே வைத்திருக்கிறது. ஆதலால் புதியது அமைப்பதே வழி. கணினி தொடங்கும்போது தோன்றும் 'கிரப்' பட்டியலில், லினக்ஸ் கருவை அழைக்கும் வரியைத் திருத்தி நேரே கட்டளைத் திரைக்குச் சென்று, வட்டை எழுதத்தக்கதாக மாற்றியபின் கடவுச்சொல்லைப் புதுப்பிக்கலாம். கணினியின் முன் அமரும் எவருக்கும் இது இயலும் என்பதால், சர்வர் அறையைப் பூட்டி வைப்பது கடவுச்சொல்லுக்கு நிகரான பாதுகாப்பு.

வட்டு முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டு, அதைத் திறக்கும் சொற்றொடர் தொலைந்துபோனால் இவ்வழியும் அடைபட்டுவிடும். ஆகவே நிறுவலைத் தொடங்குமுன்பே அச்சொற்றொடரைத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, பொறுப்பாளரின் பீரோவில் வைத்துவிட வேண்டும்.