நிகழ்வுரை: வணிகக் கல்வியில் ஓர் எழுத்துமுறை

வணிக மேலாண்மை பயிற்றுவிக்கும் கல்லூரிகளில் 'கேஸ்' என்று வழங்கப்பெறும் பாட எழுத்து ஒன்று உண்டு. ஒரு நிறுவனத்தார் முடிவெடுத்தே தீரவேண்டிய நிலையில் நின்ற உண்மை நிகழ்ச்சியை, அந்நாளில் அவர் அறிந்திருந்த செய்திகளோடு மட்டும் எடுத்துரைப்பது அது. அதன் தோற்றம், பெயர், அமைப்பு, வெளியீடு ஆகியவற்றை ஈண்டு முறையே ஆராய்வோம்.

இம்முறை சட்டக் கல்வியினின்றும் பிறந்தது. ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் தலைவராக 1870இல் அமர்ந்த லாங்டெல் என்பார், விதிகளை நெட்டுருச் செய்விப்பதை விடுத்து, நீதிமன்றத் தீர்ப்புகளையே பாடமாக்கினார். 1908இல் அங்குத் தொடங்கப்பெற்ற வணிகக் கல்லூரியின் முதல் தலைவர் எட்வின் கே, அவ்வழியையே விரும்பினார். ஆயின், நீதிமன்றங்கள் தீர்ப்புகளை வெளியிடும். வணிகரோ தம் முடிவுகளை எழுதி வெளியிடுவதில்லை. ஆகவே பாடப்பொருளைப் புதிதாக எழுதியே படைக்கவேண்டியதாயிற்று. 1919இல் தலைமையேற்ற டோன்ஹாம் சட்டம் பயின்றவர். அவர் இப்பணியை ஊக்கினார். கோப்லாண்டு தொகுத்த விற்பனைத் துறைச் சிக்கல்கள் 1920இல் நூலாயின. 1921இல் ஒரு காலணி நிறுவனத்தைப் பற்றி ஒரே பக்க அளவில் எழுதப்பெற்றது, அக்கல்லூரியின் முதல் 'கேஸ்' எனப் போற்றப்படுகிறது.

இனி, இதற்குத் தமிழில் என்ன பெயரிடுவது? 'வழக்கு' எனின் பொருந்தாது. நீதிமன்ற வழக்கின் இறுதியில் தீர்ப்பு உண்டு. இவ்வெழுத்திலோ தீர்ப்பு இல்லை என்பதே சிறப்பு. 'நிகழ்வாய்வு' என்னும் பெருவழக்குச் சொல்லும், ஆய்ந்து முடிவு கண்ட கட்டுரையையே சுட்டி நிற்கும். ஈண்டு ஆய்வு மாணவர்க்குரியது. ஆசிரியர் தருவது உரை மட்டுமே. ஆதலின் யாம் இதனை 'நிகழ்வுரை' எனக் குறிக்கின்றோம்.

நல்ல நிகழ்வுரையின் முதற்பத்தி, முடிவெடுக்க வேண்டியவர் யார், எப்போது, எதனைப் பற்றி என்பவற்றைக் கூறும். பின்னர் நிறுவனத்தின் வரலாறு, தொழிலின் நிலை, கணக்குகள், கிடைத்த வழிகள் ஆகியன வரும். இறுதியில் வினா விடையின்றி நிற்கும். எழுதுவோர் தம் கருத்தைக் கூறார்; கருத்து வருமாயின், அது கூறியவர் வாய்மொழியாகவே வரும். நிகழ்ச்சி இறந்தகாலத்தில் அமையும். இதனோடு, கற்பிப்போர்க்கென ஒரு குறிப்புரையும் தனியே எழுதப்படும். பாடத்தின் நோக்கம், வினாக்கள், கால வரையறை, மாணவர் கூறக்கூடிய விடைகள் என்பன அதன்கண் அடங்கும். நம் இலக்கண நூல்களில் நூற்பாவும் உரையும் கற்பார்க்கே ஒருங்கு வழங்கப்பெறும். இங்கோ குறிப்புரை மாணவர் கைக்கு வாராது. வந்துவிடின் சிந்தனைக்கு இடமில்லாது போகும்.

வெளியீட்டிற்கு முன் நிறுவனத்தாரின் எழுத்துமூல இசைவு வேண்டும். அவர் விரும்பின் பெயரையும் கணக்கையும் மறைக்கலாம். கணக்கை மறைக்கும் முறை நுட்பமானது. விற்பனை 40 இலட்சம், ஆதாயம் 4 இலட்சம் எனின், இரண்டையும் மூன்றால் பெருக்கி 120, 12 எனத் தரலாம். ஆதாய வீதம் 10 விழுக்காடாகவே நிற்கும். ஒன்றை மட்டும் மாற்றின் பாடமே பொய்யாகும். இவ்வாறு ஆக்கப்பெற்றவற்றைத் திரட்டி வழங்க, பிரித்தானியாவில் 1973இல் ஒரு பொதுநிலையம் தோன்றியது; ஹார்வர்டு கல்லூரி 1994இல் தனக்கெனப் பதிப்பகம் அமைத்தது. இந்தியாவில், 1961இல் ஹார்வர்டின் துணையோடு தோன்றிய அகமதாபாத் மேலாண்மைக் கழகம் இம்முறையை வேரூன்றச் செய்தது.

இங்கு ஓர் இடர்ப்பாடு உளது. இசைவு தருவோர் பெரும்பாலும் வென்றவரே. தோற்றவர் தம் தோல்வியைப் பாடமாக்க எளிதில் உடன்படார். இசைவளிப்போர் நிருவாகத்தாராதலின், தொழிலாளர் குரலும் நுகர்வோர் குரலும் குன்றும். முற்கூறிய காலணி நிறுவனத்து நிகழ்வுரையிலும், தொழிலாளர் குறித்த நேரத்திற்கு முன்பே வேலையை நிறுத்தியது நிருவாகத்தின் சிக்கலாகவே வைக்கப்பட்டது. அவர் ஏன் அங்ஙனம் நிறுத்தினர் என்பதை அவர்தம் நிலையில் நின்று காண்பதும் கல்வியேயாம். வென்றோர் கூற்றை மட்டும் பயின்ற மாணவன், நாளை பிறர் பிழைப்பைத் தீர்மானிக்கும் இருக்கையில் அமர்வான் என்பதை மறத்தலாகாது.

இதற்கு வழி இல்லாமலில்லை. ஆண்டறிக்கை, நீதிமன்ற ஆவணம், செய்தித்தாள் முதலிய பொது ஆதாரங்களைக் கொண்டும் நிகழ்வுரை எழுதலாம். அதற்கு நிறுவனத்தாரின் இசைவைப் பெறுவது வழக்கமன்று. ஆதாரம் இன்னது என்பதையும், மாற்றம் செய்யப்பட்டதையும் முகப்பிலேயே அறிவித்தல் கடன். கற்பனையை உண்மையென வழங்குதல் கூடாது.

தமிழ்வழி வணிகவியல் பயில்வோர்க்கும் இவ்வெழுத்து வேண்டும். சிவகாசித் தீப்பெட்டித் தொழிலும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலும் பாடமாதற்குத் தகுந்தவை. புகழ்மொழி தவிர்த்து, முடிவை மாணவர்க்கே விட்டு, உள்ளது உள்ளவாறு எழுதும் உரைநடையைப் பயிற்றுதல் தமிழ்த்துறைக்கும் உரிய பணியென்பது எம் துணிபு.