ஆய்விதழ் அறம்: யார் யாரைக் கேள்வி கேட்பது?

கல்விப்புலத்தில் இன்று 'அறம்' என்கிற சொல் அதிகம் புழங்குகிறது. திருடி எழுதாதே, போலி இதழில் போடாதே என்று ஆய்வு மாணவருக்கு வகுப்பெடுக்கிறார்கள். சரிதான். ஆனால் இந்தச் சொல்லாடலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுபவர் பெரும்பாலும் அடிப்படியில் நிற்பவராகவே இருக்கிறார்.

விதிகள் ஒன்றும் சிக்கலானவை அல்ல. ஆய்வில் பங்களித்தவர் பெயர் மட்டுமே கட்டுரையில் வரவேண்டும். எழுதியவரோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத துறைசார்ந்தவர்கள் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். கட்டணம் உண்டென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கட்டியதற்காகக் கட்டுரையை ஏற்கக் கூடாது. பெரிய பிழை தெரிந்தால் பகிரங்கமாகத் திரும்பப்பெற வேண்டும். 1997இல் இங்கிலாந்தில் தொடங்கிய பதிப்பு நெறிக் குழு வலியுறுத்துவதும் இவற்றைத்தான்.

இங்கே நடந்தது என்ன? 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. எழுத்து எண்ணாக மாறியது. எண்ணுக்குச் சந்தை பிறந்தது. 'பணத்தக் கட்டுங்க சார், அடுத்த வாரமே போட்டுடலாம்' என்கிற இதழ்கள் பெருகின. ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டன. அது வெறும் அடையாள எண், தரச் சான்று அல்ல.

2017இல் மானியக் குழு 'அங்கீகரித்த' இதழ்ப் பட்டியலை வெளியிட்டது. அதில் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்துச் சேர்ந்தவற்றில் 1,009 இதழ்களைப் புனே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தார்கள்; தேறியவை 112தான். 2018 மே மாதம் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. 2019இல் 'கேர்' என்று புதுப் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டு, தரத்தை நிறுவனங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றாகிவிட்டது. பட்டியலை நம்பிக் காசு கட்டியவருக்கு மிஞ்சியது சந்தேகப் பார்வை.

கோலியனூரில் பஸ் ஏறி விழுப்புரத்துக்குப் படிக்கப் போகிற, வீட்டில் முதல் பட்டதாரியான ஓர் ஆய்வாளரை நினைத்துப் பாருங்கள். 2016 விதிப்படி ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் கட்டுரை அச்சேறியாக வேண்டும். 2022இல்தான் அந்தக் கட்டாயம் போனது. 'என் பேரையும் சேத்துக்கப்பா' என்று நெறியாளர் சொன்னால் மறுக்க முடியுமா? கையெழுத்து அவர் கையிலல்லவா இருக்கிறது! இதைத் தனிமனித ஒழுக்கக்கேடாகச் சுருக்குவதும் ஓர் அதிகாரச் செயல்பாடே.

2010இல் அமெரிக்க நூலகர் ஜெஃப்ரி பீல் இத்தகைய இதழ்களை 'வேட்டையாடிகள்' என்றார். பெரிய பதிப்பகங்களின் கதை என்ன? ஒரு கட்டுரையை எல்லோரும் இலவசமாகப் படிக்கத் திறந்துவைக்க 9,500 யூரோ என்று 2020இல் அறிவித்தது 'நேச்சர்'. மதிப்பீட்டாளருக்குப் பொதுவாகக் கூலி கிடையாது. சுமார் 30 பதிப்பகங்களின் இதழ்களைப் படிக்க மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாயை 2024இல் ஒதுக்கியது இந்திய அரசு. இரண்டும் ஒன்றல்ல: அங்கே மதிப்பீடு நடக்கிறது, இங்கே அதன் பாவனை மட்டும். ஆனாலும் அறிவைச் சரக்காக்கும் தர்க்கம் இரண்டுக்கும் பொது.

கோட்பாடு பேசுகிற நாமும் தப்ப முடியாது. 1996இல் இயற்பியலாளர் ஆலன் சோகல் வேண்டுமென்றே அபத்தமாக எழுதிய கட்டுரையை 'சோஷியல் டெக்ஸ்ட்' வெளியிட்டது. அப்போது அதற்கு வெளி மதிப்பீட்டாளர் முறை கிடையாது. அறிவியலும் சிரிக்க வேண்டாம்: 2013இல் ஜான் பொஹானன் அனுப்பிய போலி மருந்தாய்வை 304 இதழ்களில் 157 ஏற்றுக்கொண்டன.

ஆக, பட்டியல் நம்மைக் காப்பாற்றாது; வாசிப்புதான் காப்பாற்றும். நியமனக் குழுக்கள் கட்டுரைகளை எண்ணாமல் படிக்கட்டும். அரசுக் கல்லூரிகள் கட்டணமில்லாத இதழ்களைத் தமிழிலும் நடத்தட்டும்; மதிப்பீட்டுக் குறிப்புகளையும் சேர்த்து அச்சிடட்டும். காசு வாங்காமல் கட்டுரை போட்டு, அடுத்த இதழிலேயே மறுப்பையும் போடுகிற சிற்றிதழ்ப் பழக்கம் நம்மிடம் உண்டு. அதை எடுத்துக்கொண்டு போய்ப் பல்கலைக்கழகத்தின் முன் வைப்பதில் நமக்கென்ன கூச்சம்?