புத்தகக் கிரிக்கெட்டில் ஒரு புகழ் மண்டபம்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் வகுப்புத் தோழியர் சார்பில் எழுதியது)

எங்கள் பள்ளி அலுவலகத்தின் வெளிச்சுவரில் நீண்ட மரப்பலகை ஒன்று தொங்குகிறது. பொதுத்தேர்வில் முதலிடம் பெற்ற அக்காக்களின் பெயர்கள் ஆண்டுவாரியாக அதில் வெள்ளை எழுத்தில் மின்னுகின்றன. கட்டணம் கட்ட வரிசையில் நிற்கும்போதெல்லாம் அப்பெயர்களைப் படிப்போம். அப்படிப் படித்த ஒரு நாளில்தான், “நம் விளையாட்டுக்கும் இப்படி ஒரு பலகை வைத்தால் என்ன?” என்ற எண்ணம் எங்களுக்கு உதித்தது. அது எங்கு போய் முடிந்தது என்பதை ஆண்டு மலரின் வாசகர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டு என்றவுடன் பெற்றோர் மைதானத்தை நினைப்பார்கள். நாங்கள் சொல்வது மதிய உணவு இடைவேளையில் மேசைமேல் ஆடும் புத்தகக் கிரிக்கெட். கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறக்க வேண்டும். இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கமே ஓட்டம். 124 என்றால் 4 ஓட்டம், 86 என்றால் 6 ஓட்டம். 8 வந்தால் எங்கள் வகுப்பில் 1 ஓட்டம் மட்டுமே. 0 வந்தால் ‘அவுட்’. புத்தகங்களில் இடப்பக்க எண் எப்போதும் இரட்டைப்படையாகவே இருக்கும். ஆதலால் ஒற்றை இலக்கங்களுக்கு இங்கு வேலையே இல்லை.

எங்கள் வகுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தவரும் உண்டு, அரியலூர் மாவட்டத்தவரும் உண்டு. இவ்விரு மாவட்டங்களும் ஒரு காலத்தில் ஒன்றாயிருந்து, 2001-இல் பிரிந்து, 2002-இல் சேர்ந்து, 2007-இல் மீண்டும் பிரிந்தவை. எனவே போட்டிக்குக் குறைவில்லை! பெரம்பலூர், குன்னம், வேப்பந்தட்டை, ஆலத்தூர் என நான்கு வட்டங்கள் ஒருபுறம். அரியலூர், உடையார்பாளையம், செந்துறை, ஆண்டிமடம் என நான்கு வட்டங்கள் மறுபுறம். ஆக எட்டு அணிகள். அணிக்கு மூவர் வீதம் 24 பேர் நடத்துகிறோம். ஒவ்வோர் அணியிலும் ஐந்து கற்பனை வீராங்கனைகள். அவர்களுக்கு முல்லை, தாமரை, செம்பருத்தி எனப் பூக்களின் பெயர்களையே சூட்டினோம். ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளோடும் இருமுறை மோதும். எனவே ஒருத்திக்கு மொத்தம் 14 ஆட்டங்கள். எல்லாக் கணக்கும் ஒரு நீள நோட்டில் ஏறும்.

கற்பனை வீரர்களைக் கொண்டு சங்கம் நடத்துவது எங்கள் கண்டுபிடிப்பு என்று எண்ணியிருந்தோம். அது தவறு. அமெரிக்காவில் ஹால் ரிச்மேன் என்பவர் 1961-இலேயே ‘ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்’ என்னும் பேஸ்பால் விளையாட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை உண்டு. உண்மையான ஆட்டங்களில் அவர் ஆடிய கணக்கை வைத்து அந்த அட்டையைத் தயாரிப்பார்கள். பகடையை உருட்டி, விழும் எண்ணை அட்டையில் பார்த்தால் ஆட்டத்தின் போக்கு தெரியும். இத்தகைய சங்கங்களை இன்று கணினியிலும் பல்லாண்டுகள் நடத்துகிறார்கள். அவற்றிற்கெனத் தனிப் புகழ் மண்டபங்கள் வைத்திருப்போரும் உண்டு.

புகழ் மண்டபம் என்றால் என்ன? ஓய்வு பெற்ற சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் பெயரை என்றென்றைக்கும் பொறித்து வைக்கும் இடம். பேஸ்பாலுக்கான புகழ் மண்டபம் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் 1939-இல் திறக்கப்பட்டது. முதல் தேர்தல் 1936-இலேயே நடந்து ஐவர் தேர்வாயினர். அவர்களுள் டை காப் என்பவர் 226 வாக்குகளில் 222 பெற்றார்.

கிரிக்கெட்டுக்கும் 2009-இல் பன்னாட்டு கிரிக்கெட் கவுன்சில் இதுபோன்ற மண்டபத்தை ஏற்படுத்தியது. பிஷன் சிங் பேடி, சுனில் கவாஸ்கர், கபில்தேவ் ஆகியோர் அவ்வாண்டிலேயே இடம் பெற்றனர். இந்தியப் பெண்களுள் முதலில் இடம் பெற்றவர் டயானா எடுல்ஜி. 1976-இல் இந்தியாவுக்காக ஆடத் தொடங்கிய அவருக்கு அழைப்பு வந்தது 2023-இல்தான்! மறு ஆண்டு நீத்து டேவிட் சேர்ந்தார். டென்னிஸ் புகழ் மண்டபத்தில் 2024-இல் நம் சென்னையின் விஜய் அமிர்தராஜும் லியாண்டர் பயஸும் சேர்க்கப்பட்டனர். ஆசிய ஆண்களில் அந்தப் பெருமையைப் பெற்ற முதல்வர்கள் அவர்களே.

கூப்பர்ஸ்டவுனின் விதிகளுள் மூன்றை எங்கள் நோட்டில் எழுதிக்கொண்டோம். முதலாவது, ஓய்வு பெற்று ஐந்தாண்டுகள் கழிந்திருக்க வேண்டும். கைதட்டல் அடங்கிய பிறகுதானே தராசு நேராக நிற்கும்? இரண்டாவது, வாக்களிக்கும் விளையாட்டு எழுத்தாளர்களில் 100-க்கு 75 பேர் ஆதரிக்க வேண்டும். பாதிப்பேர் முகம் சுளிக்கும் பெருமை பெருமையாகாது. மூன்றாவது, ஆட்டத்திறனோடு நேர்மையையும் நற்குணத்தையும் கருத வேண்டும். எங்களுக்கு ஐந்தாண்டு காத்திருக்க நேரமில்லை, பொதுத்தேர்வு வந்துவிடும். எனவே ஐந்து வாரம் என்று மாற்றிக்கொண்டோம். 24 பேரில் 18 பேர் வாக்களித்தால் தேர்வு என்று முடிவாயிற்று.

முதல் பெயரில் யாருக்கும் ஐயமே இல்லை. குன்னம் அணியின் முல்லை 14 ஆட்டங்களில் 406 ஓட்டங்கள் குவித்திருந்தாள். அடுத்த நிலையில் இருந்த அரியலூர் செம்பருத்தி எடுத்தது 271 மட்டுமே.

இந்த வேளையில்தான் கணக்குப் பாடத்தில் நிகழ்தகவு வந்தது. ஆசிரியை சொல்லிக் கொடுத்ததை நாங்கள் எங்கள் ஆட்டத்தில் போட்டுப் பார்த்தோம். வரக்கூடிய இலக்கங்கள் 0, 2, 4, 6, 8 என ஐந்து. ‘அவுட்’ ஆகும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. அதாவது சராசரியாக நான்கு முறை ஓட்டம், ஐந்தாம் முறை ‘அவுட்’. 2, 4, 6, 1 இவற்றின் சராசரி 3.25. நான்கு முறைக்கு 13 ஓட்டம். ஆகவே 14 ஆட்டங்களில் ஒருத்தி எடுக்கத்தக்கது ஏறத்தாழ 182. அதிர்ஷ்டத்தால் இது கூடலாம், குறையலாம். ஆனால் 406 எப்படி?

எவரும் எவரையும் குற்றம் சாட்டவில்லை. மறுநாள் இடைவேளையில் குன்னம் அணித் தோழி ஒருத்தி தானாகவே எழுந்து நின்றாள். அவளது புத்தகத்தின் முதுகு 196-ஆம் பக்கத்தில் நன்றாக மடிந்திருந்தது. விரலை அங்கே விட்டால் அதுவாகவே அந்தப் பக்கம் திறக்கும். “முல்லை அடிக்கவில்லை. நான்தான் அடித்தேன்” என்று சொல்லிவிட்டு அழுதாள். (அவளது இசைவு பெற்றே இதனை எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்பது எங்கள் முடிவு.)

பிறகு எங்களுக்குள் பெரிய விவாதம் மூண்டது. “முல்லை கற்பனைப் பெண். அவள் என்ன பாவம் செய்தாள்?” என்றனர் சிலர். “ஒப்புக்கொண்ட பிறகும் தண்டிப்பது நியாயமா?” என்றனர் வேறு சிலர். அப்போது பீட் ரோஸின் கதை எங்களுக்கு உதவியது. அமெரிக்கப் பேஸ்பாலில் 4,256 முறை ‘ஹிட்’ அடித்துச் சாதனை படைத்தவர் அவர். ஆயினும் தாம் பயிற்றுவித்த அணியின் ஆட்டங்கள் மீதே பணம் கட்டிச் சூதாடியதற்காக 1989-இல் வாழ்நாள் தடை பெற்றார். தடை பெற்றவர்களுக்குப் புகழ் மண்டபத்தில் இடமில்லை என்று 1991-இல் விதி வந்தது. அவர் 2024-இல் காலமானார். இறந்தவர்கள் மீதான தடை 2025-இல்தான் நீக்கப்பட்டது. அத்தனை ஆண்டுகளும் அவரது சாதனைக் கணக்கை யாரும் அழிக்கவில்லை. ஆனால் மரியாதையை மட்டும் அளிக்கவில்லை.

இதிலிருந்து நாங்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டோம். மன்னிப்பு வேறு, மரியாதை வேறு. மன்னிப்பைக் கேட்டவுடனே கொடுத்துவிடலாம், கொடுக்கவும் வேண்டும். அதற்கு வாக்கெடுப்புத் தேவையில்லை. மரியாதையோ பிறருக்குரிய பங்கையும் சேர்த்து எண்ணிக் கொடுக்க வேண்டியது. முல்லைக்கு மாலை போட்டால், நேர்மையாக ஆடி ‘அவுட்’ ஆன அத்தனை பூக்களின் கழுத்திலிருந்தும் அதைப் பறித்தவர்களாவோம்.

காலியான டிபன் டப்பாவில் சீட்டுகளைப் போட்டு வாக்களித்தோம். முல்லைக்கு 11 வாக்குகள். செம்பருத்திக்கு 20. சீட்டுகளைப் பிரித்து எண்ணிச் சொன்னவள் அதே குன்னம் தோழிதான். ஒன்றைக்கூடக் குறைத்துச் சொல்லவில்லை. அன்று முதல் எங்கள் கணக்கு நோட்டு அவள் பொறுப்பில்தான் இருக்கிறது. இனி ஒவ்வோர் அணியும் எதிரணியின் புத்தகத்தைக் கொண்டே ஆட வேண்டும் என்ற விதியையும் முன்மொழிந்தவள் அவளே.

அதிர்ஷ்டத்தால் நடக்கும் ஆட்டத்தில் செம்பருத்திக்கு மட்டும் தனித்திறமை ஏது என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். பக்கம் எப்படித் திறக்கும் என்பது நம் கையில் இல்லை. திறந்த பக்கத்தை உள்ளபடி சொல்வது மட்டுமே நம் கையில் இருக்கிறது. எங்கள் நோட்டின் கடைசித் தாளில் இருக்கும் அந்தப் புகழ் மண்டபத்தில் இப்போது ஒரே ஒரு பெயர்தான் உள்ளது. அதற்குக் கீழே நிறைய இடம் விட்டிருக்கிறோம். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கு வரும் தங்கைமாரே, நோட்டை உங்களிடம் ஒப்படைக்கிறோம். ஆடுங்கள், கண்ணை நன்றாக மூடிக்கொண்டு!