மரச்சீனியின் வரவு செலவுக் கணக்கு

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் திங்களன்று வாங்கிய மரச்சீனிக் கிழங்கை வியாழனன்று நறுக்கினால், வெண்ணிறச் சதையினுள் நீலமும் கருமையும் கலந்த கோடுகள் ஓடியிருப்பதைக் காண்கிறோம். அதே கிழங்கு பறிக்கப்படாமல் மண்ணிலேயே இருந்திருந்தால் மாதக்கணக்கில் கெடாமல் இருந்திருக்கும். பறித்த மூன்று நாள்களில் அதற்கு என்ன நேர்ந்தது? இதற்கு விடை காண, உயிருள்ள செல்கள் எவ்வாறு ஈட்டுகின்றன, எவ்வாறு செலவிடுகின்றன என்பதை நாம் அறிய வேண்டும்.

தமிழகத்தில் மரவள்ளி என்றும், திருவனந்தபுரத்திலும் குமரி மாவட்டத்திலும் மரச்சீனி என்றும் வழங்கும் இச்செடியின் தாயகம் தென்னமெரிக்கா. போர்த்துகீசியர் 17ஆம் நூற்றாண்டில் இதனை இந்தியாவிற்குக் கொண்டுவந்தனர். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதன் சாகுபடியைப் பரப்பினார். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, இந்நாட்டு எளிய மக்களின் பசியைப் பெரிதும் ஆற்றியது இக்கிழங்கே. 1963இல் நம் நகரின் ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

முதலில் வரவைக் காண்போம். இலையின் செல்களில் பசுங்கணிகங்கள் என்னும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. அவற்றிலுள்ள பச்சையம் சூரிய ஒளியை ஏற்கிறது. அவ்வாற்றலால் வேர் உறிஞ்சிய நீர் பிளக்கப்படுகிறது. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் அந்நீரிலிருந்தே வெளியாகிறது. பின்னர், இலைத்துளைகளின் வழியே நுழைந்த கார்பன் டை ஆக்சைடு சர்க்கரையாக மாற்றப்படுகிறது. ஆறு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடும் ஆறு மூலக்கூறு நீரும் சேர்ந்து ஒரு குளுக்கோசும் ஆறு ஆக்சிஜன் மூலக்கூறுகளும் கிடைக்கின்றன. இதுவே ஒளிச்சேர்க்கை. இலை ஈட்டிய சர்க்கரையில் ஒரு பகுதி தண்டின் வழியே இறங்கி, வேரில் மாவுச்சத்தாகச் சேர்கிறது. ஏறக்குறைய பத்து மாதங்கள் சிறுகச் சிறுகச் சேர்ந்த அந்த வைப்புத்தொகையே நாம் உண்ணும் கிழங்கு.

இனிச் செலவு. வைப்புநிதிப் பத்திரத்தைக் கொடுத்துக் கடையில் காய்கறி வாங்க இயலாது. அதனைச் சில்லறையாக மாற்ற வேண்டும். சர்க்கரையும் அவ்வாறே. செல் தன் அன்றாடப் பணிகளுக்குப் பயன்படுத்தும் சில்லறையின் பெயர் ஏ.டி.பி. செல்லின் திரவப் பகுதியில் குளுக்கோஸ் இரண்டாக உடைக்கப்படும்போது இரண்டு ஏ.டி.பி. மட்டுமே நிகரமாகக் கிடைக்கிறது. உடைந்த பகுதிகள் மைட்டோகாண்ட்ரியாவினுள் சென்று ஆக்சிஜனின் துணையால் முழுமையாகச் சிதையும்போது மொத்தம் ஏறத்தாழ முப்பது கிடைக்கிறது. கார்பன் டை ஆக்சைடும் நீரும் மீண்டும் வெளிப்படுகின்றன. இதுவே செல் சுவாசம். செடிகள் இரவில் மட்டுமே சுவாசிக்கின்றன என்று பலர் எண்ணுவர்; அது சரியன்று. வரவு பகலில் மட்டுமே. செலவோ இரவும் பகலும் உண்டு.

கிழங்கைச் செடியிலிருந்து வெட்டியவுடன் வரவு அறவே நின்றுவிடுகிறது. ஆயினும் அதன் செல்கள் உயிருடன் இருப்பதால் செலவு நிற்பதில்லை. வெட்டுக்காயம் பட்டதால் சுவாசம் மேலும் விரைவுபடுகிறது. அப்போது மைட்டோகாண்ட்ரியாவில் உருவாகும் கேடு விளைக்கும் ஆக்சிஜன் வடிவங்கள் செல்லின் பொருள்களைச் சிதைக்கின்றன. நாம் கண்ட நீலக் கோடுகள் அதன் அடையாளமே. எனவே, பறித்துக் குவித்துவிட்டு நல்ல விலைக்காகக் காத்திருப்பது இப்பயிரில் நட்டத்தையே தரும். மரச்சீனி பயிரிடக் கடன் பெற்ற உழவர்கள், வாங்குவோரை உறுதிசெய்த பின்னர் பகுதி பகுதியாகப் பறிப்பது நன்று. மீந்த கிழங்கைச் சீவி, வெந்நீரில் வாட்டி, வெயிலில் உலர்த்திவைப்பது நம் முன்னோர் கண்ட வழி. வெந்நீர் செல்களின் உயிரியக்கத்தை நிறுத்துகிறது. உலர்த்தல் பூஞ்சைக்கு இடமின்றிச் செய்கிறது.

இக்கிழங்கு செல் சுவாசம் பற்றிக் கற்பிக்கும் இன்னொரு பாடமும் உண்டு. மரச்சீனியின் இலை, தோல், சதை அனைத்திலும் லினமாரின் என்னும் பொருள் உள்ளது. செல்கள் நசுங்கும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு பிறக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைக் கையாளும் இறுதி நொதியைச் சயனைடு முடக்கிவிடும். கருவூலத்தில் பணம் நிறைந்திருந்தும் பணம் வழங்கும் முகப்பு மூடப்பட்ட வங்கியின் நிலையே அது. இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்களால் அதனைப் பயன்படுத்த இயலாது. மரச்சீனி இலையை மேய்ந்த ஆடுமாடுகள் திடீரென மடிவதன் காரணம் இதுவே.

முறையாகச் சமைத்தால் அஞ்ச வேண்டுவதில்லை. தோலை முழுவதும் நீக்கி, கிழங்கைச் சிறு துண்டுகளாக்கி, நிறைய நீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைக்க வேண்டும். ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் தன்மையது. ஆதலால் ஆவியுடன் வெளியேறிவிடும். லினமாரினோ வெப்பத்தில் எளிதில் அழியாது; நீரில் கரையும். ஆகவே வெந்த நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். அதனைக் கால்நடைகளுக்கு வைத்தலும் கூடாது. கசக்கும் கிழங்கை உண்ணாது ஒதுக்குவதே நலம். உடலில் எஞ்சும் சிறிதளவு சயனைடைத் தீங்கற்றதாக்கக் கந்தகம் தேவை; அதனைப் புரத உணவு அளிக்கிறது. மரச்சீனியுடன் மீன் குழம்பைச் சேர்த்துண்ணும் நம் வழக்கம் சுவைக்கு மட்டுமன்றி உடலுக்கும் உகந்தது.

இலை பகலில் சேர்த்ததையே கிழங்கு காக்கிறது. அக்கிழங்கு காத்ததையே நம் செல்கள் செலவிடுகின்றன. மரச்சீனி நம் வீட்டிற்கு வரும்போதே அதன் செலவுக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை நினைவிற்கொண்டு, வாங்கிய அன்றோ மறுநாளோ அதனைச் சமைத்துவிடுவோம். நீரை வடிக்கவும் மறவாதிருப்போம்.